பொடி டப்பா காலியாகும் வேகம்: 55 வயதுக்கு மேல் ஒரு ஆன்லைன் வியாபாரம்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

நமக்கு வர்ற குரல் பதிவுகள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன். எங்க வீட்டுப் பொடி, ஊறுகாய்னா சொந்தக்காரங்க எல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. அதை ஆன்லைன்ல விக்கலாமா? இந்த வயசுல ஆரம்பிச்சா நிக்குமா?" கேக்கிறவங்க வேற வேற. கேள்வி ஒண்ணுதான்.

இதுக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றாங்க: "பொறுமையா பண்ணுங்க, வரும்." ஆனா எத்தனை மாசம் பொறுமையா இருக்கணும்? அத்தனை மாசமும் செலவுக்குக் காசு எங்கேருந்து வரும்? இந்த ரெண்டையும் யாரும் கணக்குப் போட்டுச் சொல்றதில்லை. இன்னிக்கு அதைத்தான் பார்க்கப்போறோம். பொத்தாம் பொதுவா பேசாம, தமிழ்நாட்டுல ஒரு வீட்டுச் சமையலறையில பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி செஞ்சு ஆன்லைன்ல விக்கிற ஒரு வியாபாரத்தை எடுத்துக்குவோம். தையல், டியூஷன், கணக்கு எழுதறதுன்னு நீங்க வேற தொழில் செய்றவங்களா இருந்தாலும் கணக்கோட போக்கு ஒண்ணுதான்.

வயசு ஒரு தடையா?

முதல்ல இந்தப் பயத்தைப் பார்த்துடலாம். அமெரிக்காவுல பியர் அசூலே, பெஞ்சமின் ஜோன்ஸ் முதலான 4 பொருளாதார ஆய்வாளர்கள், அந்த நாட்டு அரசுப் பதிவேடுகளை வெச்சு, தொழில் தொடங்கினவங்களோட வயசை ஆராய்ஞ்சாங்க. 2020-ல வெளியான ஆய்வு அது. மிக வேகமா வளர்ந்த நிறுவனங்கள், அதாவது ஆயிரத்துல ஒண்ணுங்கிற அளவுக்கு வளர்ந்தவை, அவற்றை ஆரம்பிச்சவங்களோட சராசரி வயசு 45. கல்லூரியைப் பாதியில விட்டுட்டு வந்த 20 வயசுப் பையன்தான் ஜெயிப்பான்ங்கிற எண்ணம் அந்தப் பதிவுகள்ல நிக்கல.

அதே ஆய்வுல நமக்கு இன்னும் முக்கியமான ஒரு விஷயம் இருக்கு. எந்தத் துறையில தொழில் தொடங்கினாங்களோ, அதே துறையில ஏற்கெனவே வேலை பார்த்த அனுபவம் இருந்தவங்களுக்கு ஜெயிக்கிற வாய்ப்பு கூடுதலா இருந்துச்சு. ஆக, வயசு தன்னால எதையும் கொடுக்கிறதில்லை. வயசோட சேர்ந்து வந்த கைப்பழக்கம்தான் கொடுக்குது. 30 வருஷமா பொடி வறுத்த கைக்குப் பொடி வியாபாரம் சரி. அதே கை திடீர்னு மொபைல் கவர் இறக்குமதி பண்ணி விக்கப் போனா, 25 வயசுப் பையனை விட ஒரு படி பின்னாலதான் நிக்கணும்.

நம்ம நாட்டு உதாரணம்னா நைக்காவைச் சொல்வாங்க. ஃபால்குனி நாயர் 2012-ல அதை ஆரம்பிக்கும்போது 50 வயசை நெருங்கிட்டு இருந்தாங்க. அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது 2021-ல. ஆனா அவங்க அதுக்கு முன்னாடி பெரிய முதலீட்டு வங்கியில உயர்ந்த பொறுப்புல இருந்தவங்க. பணம், தொடர்பு எல்லாம் வேற மாதிரி. நாம அவங்ககிட்டேருந்து எடுத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அவ்வளவு வசதி இருந்தும் நடுவுல 9 வருஷம் ஓடியிருக்கு.

ஒரு ஆர்டர்ல என்ன மிஞ்சும்?

இப்ப கணக்குக்கு வருவோம். இதெல்லாம் உதாரண எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்குங்க.

200 கிராம் பாக்கெட் 140 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒருத்தர் 3 பாக்கெட் வாங்கறார்: 420 ரூபாய். இதுல பருப்பு, மிளகாய், கேஸ் எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 55, மூணுக்கு 165. கவர், லேபிள் 30. அட்டைப்பெட்டி, டேப் 20. கூரியர் 60. பணம் வாங்கற தளத்துக்குக் கட்டணம் 8. மொத்தச் செலவு 283. கையில மிஞ்சறது 137 ரூபாய்.

பரவாயில்லையேன்னு தோணும். ஆனா அந்த வாடிக்கையாளர் உங்களைத் தேடி எப்படி வந்தார்? மாசம் 3,000 ரூபாய்க்கு ஃபேஸ்புக்லயோ இன்ஸ்டாகிராம்லயோ விளம்பரம் போட்டு 20 புது ஆள் வந்தாங்கன்னா, ஒரு ஆளைக் கொண்டுவர ஆன செலவு 150. மிச்சம் 137. அதாவது முதல் ஆர்டர்ல 13 ரூபாய் நஷ்டம்!

லாபம் எங்க இருக்கு? ரெண்டாவது ஆர்டர்ல. பொடி பிடிச்சுப்போய் அவரே திரும்ப மெசேஜ் போடும்போது விளம்பரச் செலவு கிடையாது. 137-ம் உங்களுக்குத்தான்.

அந்த ரெண்டாவது ஆர்டர் எப்ப வரும்? அவங்க வீட்டுல பொடி டப்பா காலியானா வரும். 3 பாக்கெட் பொடி தீர ஒரு சின்னக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 2 மாசம் ஆகும்னு வெச்சுக்குவோம். நீங்க எவ்வளவு துடியா துடிச்சாலும், எத்தனை போஸ்ட் போட்டாலும், அந்த டப்பா அதோட வேகத்துலதான் காலியாகும். பொறுமை தேவைப்படறதுக்கான காரணம் இதுதான். உங்க குணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. இந்த வியாபாரத்தோட கடிகாரமே வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில இருக்கு.

முதல் வருஷம் பூஜ்யம், ரெண்டாவது வருஷம் பேசும்

மாசம் 20 புது ஆள் வர்றாங்க, அதுல 8 பேர் பிடிச்சுப்போய் 2 மாசத்துக்கு ஒருமுறை வாங்கறாங்கன்னு வெச்சுக்குவோம். முதல் மாசம் வந்த 8 பேர் அந்த வருஷத்துலயே இன்னும் 5 தடவை வாங்குவாங்க. டிசம்பர்ல வந்தவங்க அந்த வருஷம் திரும்ப வாங்கவே நேரம் இருக்காது. இப்படி 12 மாசத்துக்கும் கூட்டினா, திரும்ப வந்த ஆர்டர் 240. 240-ஐ 137-ஆல பெருக்கினா 32,880 ரூபாய். புது ஆட்களால வந்த நஷ்டம் மாசம் 260 வீதம் 3,120. கழிச்சா 29,760.

எடை மெஷின், சீலிங் மெஷின், பெரிய மிக்ஸி ஜார், முதல் தடவை லேபிள் அச்சடிச்சதுன்னு 25,000 ரூபாய் போயிருக்கும். ஆக, எல்லாம் நல்லா நடந்தும் முதல் வருஷம் கையில நிக்கிறது 5,000 ரூபாய்க்குள்ள. உங்க உழைப்புக்குக் கூலி போடல. இந்த இடத்துலதான் நிறைய பேர் "இது சரிப்பட்டு வராது"ன்னு கடையைச் சாத்தறாங்க.

ஆனா ரெண்டாவது வருஷத்தைப் பாருங்க. முதல் வருஷத்துல சேர்ந்த வழக்கமான வாடிக்கையாளர் 96 பேர். அதுல கால்வாசிப் பேர் போயிட்டாங்கன்னே வெச்சுக்குவோம். 72 பேர் வருஷத்துக்கு 6 தடவை வாங்கினா 432 ஆர்டர். 59,184 ரூபாய். புதுசா ஒரு விளம்பரமும் போடாமலே. வாரத்துக்கு 8, 9 பார்சல்தான் இது. முதுகு ஒடியற வேலை இல்லை.

மாசத்துக்குக் கணக்குப் போட்டா 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. லட்சாதிபதி கதை கேட்க வந்தவங்களுக்கு இது சப்புன்னு இருக்கும். ஆனா மாத்திரைச் செலவுக்கும் பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை எடுக்கிறதுக்கும் யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. அது அந்த வயசுல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

20-ல 8 பேருக்குப் பதிலா 2 பேர்தான் திரும்ப வர்றாங்கன்னா? அப்ப வருஷ முடிவுல வழக்கமான வாடிக்கையாளர் 24 பேர்தான். அந்த நிலையில விளம்பரத்தைக் கூட்டினா நஷ்டம்தான் கூடும். பொடியைச் சரிபண்ணணும், இல்லைன்னா விலையை, இல்லைன்னா வேற பண்டத்துக்குப் போகணும். "பொறுமையா இருந்தா வரும்"னு அங்க உட்கார்ந்திருக்கக் கூடாது.

காத்திருக்கிறதுக்கு ஆகிற செலவு

இப்ப ரெண்டாவது கேள்வி: அதுவரைக்கும் காசு எங்கேருந்து வரும்?

ரிட்டயர் ஆகும்போது பிஎஃப், கிராஜுவிட்டின்னு மொத்தமா ஒரு தொகை கைக்கு வருது. வாழ்க்கையில அவ்வளவு பணத்தை ஒரே தடவையா அப்பத்தான் நிறைய பேர் பார்க்கிறாங்க. அந்த நேரத்துல "ஒரு 5 லட்சம் போட்டு ஒழுங்கா ஆரம்பிப்போம்"னு தோணறது இயல்பு.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்னு தபால் நிலையத்துலயும் வங்கியிலயும் இருக்கு. 60 வயசு ஆனவங்க 30 லட்சம் வரைக்கும் போடலாம். 2023 ஏப்ரல்ல இதோட வட்டியை 8.2 சதவீதமா உயர்த்தினாங்க. அந்த வட்டிக்கு 5 லட்சத்துக்கு வருஷம் 41,000 ரூபாய். 3 மாசத்துக்கு ஒருமுறை 10,250 கணக்குக்கு வந்துடும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம்.

அந்த 5 லட்சத்தை எடுத்து வியாபாரத்துல போட்டா, முதல் 41,000 ரூபாய் லாபம் வர்ற வரைக்கும் நீங்க நஷ்டத்துலதான் இருக்கீங்க. நாம பார்த்த கணக்குல முதல் வருஷ லாபம் 5,000-க்குள்ள. பார்த்தீங்களா? அதோட, 5 வருஷம் முடியறதுக்கு முன்னாடி எடுத்தா அசல்லயும் பிடிப்பாங்க. 1 வருஷத்துக்கு மேல, 2 வருஷத்துக்குள்ளன்னா 1.5 சதவீதம். 2 வருஷத்துக்கு மேலன்னா 1 சதவீதம். 1 வருஷத்துக்குள்ளயே எடுத்தா வட்டியே கிடையாது, கொடுத்ததையும் திருப்பிப் பிடிச்சுக்குவாங்க.

30 வயசுக்காரனும் 60 வயசுக்காரரும் ஒரே தொகையை இழந்தாலும் இழப்பு ஒண்ணு இல்லை. அவனுக்கு மறுபடி சம்பாதிக்க 30 வருஷம் இருக்கு. அதனால இந்த வயசுல பொறுமைன்னா, காத்திருக்க ஆகிற செலவைக் குறைச்சுக்கிறது. மாசச் செலவு கொஞ்சமா இருக்கிற வியாபாரத்தால 2 வருஷம் காத்திருக்க முடியும். கடை வாடகை, சம்பள ஆள், கடன் தவணைன்னு வெச்சுக்கிட்டா 4 மாசத்துல மூச்சு முட்டும். அப்புறம் எவ்வளவு பொறுமைசாலியா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஒரு எளிய வழி: "இந்தத் தொகை போனாலும் என் சாப்பாடு, வாடகை, மருந்து எதுவும் குறையாது" அப்படிங்கிற ஒரு தொகையை முதல்ல எழுதி வையுங்க. 30,000-ஓ 50,000-ஓ, உங்க நிலைமைக்கு ஏத்தபடி. அதுக்குத் தனியா ஒரு வங்கிக் கணக்கு. வியாபாரத்துக்கு வர்றதும் போறதும் அதுல மட்டும். அது தீர்ந்துட்டா, சேமிப்புலேருந்து எடுத்து ரொப்பக் கூடாது. நின்னு யோசிக்கணும். வீட்டுல கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் அந்த எண் தெரிஞ்சிருக்கணும்.

முதல் 3 மாசம் விற்பனையே வேண்டாம்

கேக்க விசித்திரமா இருக்கும். ஆனா முதல் வேலை பொடி எத்தனை நாள் தாங்கும்னு கண்டுபிடிக்கிறது.

ஒரே தடவை செஞ்ச பொடியிலேருந்து 10 பாக்கெட் போட்டு, செஞ்ச தேதி எழுதி அலமாரியில வையுங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டாம். வாங்கறவங்க வெளியிலதான் வைப்பாங்க. 2 வாரத்துக்கு ஒண்ணா பிரிச்சு, மோந்து பாருங்க, சாப்பிட்டுப் பாருங்க. காறல் எந்த வாரம் தட்டுதுன்னு தெரியும். தேங்காய், வேர்க்கடலை சேர்த்த பொடி சீக்கிரம் காறும். வீட்டுல அது தெரியாது, ஏன்னா அங்க டப்பா அதுக்குள்ள காலியாயிடும். அலமாரியில 8 வாரம் நல்லா இருந்தா, லேபிள்ல 8 வாரம் போடாதீங்க, 6 வாரம் போடுங்க. கோடையில கூரியர் வண்டிக்குள்ள இருக்கிற சூட்டுக்கு அந்த 2 வாரம். விற்பனை பெருகினா, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துல கொடுத்துச் சோதிக்கலாம்.

இந்த 3 மாசத்துலயே காகித வேலையை முடிச்சுடலாம். உணவுப் பண்டம் விக்கிறதுன்னா, வீட்டுலேருந்து விக்கிறதா இருந்தாலும், எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும். 2011-ல வந்த விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரைக்கும் இருக்கிற சின்ன ஆட்களுக்கு அடிப்படைப் பதிவு போதும். கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்னு வெச்சாங்க. ஃபாஸ்காஸ்ங்கிற அரசுத் தளத்துல விண்ணப்பிக்கணும். இப்போதைய வரம்பையும் கட்டணத்தையும் அந்தத் தளத்துலயே பார்த்துக்குங்க. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இருக்கு. அதுக்குக் கட்டணம் கிடையாது. அதுக்குக் காசு கேட்டா அது அரசுத் தளம் இல்லை, தள்ளிப் போயிடுங்க.

ஜிஎஸ்டி பத்தி ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் நீங்களே நேரா பொருள் விக்கிறீங்கன்னா, ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் பதிவு. ஆனா வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பினா இந்த வரம்பு பொருந்தாது. ஒரு பாக்கெட் பெங்களூருக்குப் போனாலும் பதிவு வேணும். பெரிய ஆன்லைன் தளங்கள் வழியா மாநிலத்துக்குள்ள மட்டும் விக்கிற சின்ன வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் விலக்கு கொடுத்திருக்காங்க. அதுக்கு ஜிஎஸ்டி தளத்துல ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கணும். அதனால முதல் வருஷம் தமிழ்நாட்டுக்குள்ளயே வெச்சுக்கிறது நிம்மதி. கூரியரும் குறையும்.

லேபிள்ல பொருளோட பேர், சேர்மானம், நிகர எடை, தயாரிச்ச தேதி, எத்தனை நாளுக்குள்ள பயன்படுத்தணும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, உங்க முகவரி, புகாருக்கான போன் எண், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, இவ்வளவும் முக்கியம். 3 மாசம் அவகாசம் இருந்தா இதையெல்லாம் பதறாம செய்யலாம்.

போன்ல மாசத்துக்கு ஒரு புது வேலை

"ஆன்லைன்"ங்கிற வார்த்தைதான் பயமுறுத்துது. வெப்சைட் வேணுமா, ஆப் வேணுமான்னு கேக்கிறாங்க. முதல் வருஷத்துக்கு ரெண்டுமே வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். அதுல கேட்டலாக் போடலாம், அடிக்கடி வர்ற கேள்விக்கு ரெடியான பதில் வெச்சுக்கலாம், யார் புது ஆள், யார் பணம் கட்டிட்டார்னு பிரிச்சு அடையாளம் போடலாம். வாரத்துக்கு 10 பார்சல் அளவுக்கு இது தாராளம். வியாபாரத்துக்குத் தனி சிம் வாங்கிக்குங்க. குடும்ப குரூப்புல வர்ற காலை வணக்கத்துக்கு நடுவுல ஆர்டர் காணாமப் போகாது.

ஒரே வாரத்துல எல்லாத்தையும் கத்துக்கப் பார்த்தா தலை சுத்தும். மாசத்துக்கு ஒண்ணு போதும். முதல் மாசம் படம் எடுக்கிறது: காலையில ஜன்னல் பக்கத்துல, பொடியைச் சாதத்தோட வெச்சு, ஃபிளாஷ் இல்லாம. ரெண்டாவது மாசம் கேட்டலாக். மூணாவது மாசம் பணம் வாங்கறது. அப்புறம் கூகுள்ல தொழில் பக்கம், அதுவும் இலவசம்.

பையனோ பொண்ணோ செஞ்சு கொடுத்தா சீக்கிரம் முடியும்தான். ஆனா பாஸ்வேர்டு அவங்ககிட்ட இருந்து, அவங்க வேலை நேரத்துல உங்க வாடிக்கையாளர் காத்திருந்தா, அது உங்க வியாபாரம் இல்லை. அவங்களைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க. நோட்டுல படிப்படியா எழுதிக்குங்க. அதுல வெட்கம் ஒண்ணும் இல்லை.

பெட்டியோட அளவுலயும் காசு இருக்கு

கூரியர்ல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. அவங்க எடையை மட்டும் பார்க்கிறதில்லை. பெட்டியோட நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி, பொதுவா 5,000-ஆல வகுப்பாங்க. அதுல வர்ற கிலோ, நிஜ எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்குக் கட்டணம்.

30-க்கு 20-க்கு 15 பெட்டியில 3 பாக்கெட் பொடி போட்டா 9,000-ஐ 5,000-ஆல வகுத்து 1.8 கிலோ. உள்ள இருக்கிறது 600 கிராம்தான்! அதையே 18-க்கு 12-க்கு 10 பெட்டியில போட்டா 0.43 கிலோ. அப்ப நிஜ எடைக்குத்தான் காசு. 137 ரூபாய் மிச்சத்துல 30 ரூபாய் கூடுறதும் குறையறதும் இந்த அட்டைப்பெட்டியில இருக்கு.

இன்னொண்ணு. பொருள் கைக்கு வந்ததும் பணம்ங்கிற முறையை ஆரம்பத்துல வேண்டாம்னு சொல்லுங்க. வீட்டுல ஆள் இல்லைன்னு பார்சல் திரும்பி வந்தா, போன கூரியர், வந்த கூரியர் ரெண்டும் உங்க தலையில. திரும்பி வந்த உணவை மறுபடி விக்கவும் கூடாது.

ஏமாத்துக்காரங்களுக்கு இந்த வயசு தெரியும்

புதுசா வியாபாரம் ஆரம்பிச்சவங்க, வயசானவங்க, கையில ரிட்டயர்மென்ட் பணம் இருக்கிறவங்க. ஏமாத்தறவங்க தேடறது இந்த மூணையும்தான். ராணுவ முகாமிலேருந்து பேசறேன், 100 பாக்கெட் வேணும்பாங்க. பணம் அனுப்பக் கியூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னு சொல்வாங்க. ஒண்ணை மட்டும் மனசுல வையுங்க: பணம் வாங்கறதுக்குப் பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டா உங்க கணக்குலேருந்து போகப்போகுதுன்னு அர்த்தம். அப்படிப் போயிட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை நடுவுல நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

அடுத்தது, "90 நாள்ல மாசம் ஒரு லட்சம்"னு ஆயிரக்கணக்குல வாங்கற ஆன்லைன் பயிற்சி வகுப்புகள். இவங்களைச் சோதிக்க நம்ம பொடி டப்பா போதும். 90 நாள்ல ஒரு வாடிக்கையாளர் உங்ககிட்ட ஒரே ஒரு தடவைதான் திரும்ப வாங்கியிருப்பார். அதை வெச்சு ஒரு லட்சம் எப்படி வரும்னு கேளுங்க.

நேயர் கேள்விகள்

*எதை வெச்சு வியாபாரம் நல்லாப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிறது?*

லைக், ஃபாலோயர் எண்ணாதீங்க. ஒரு நோட்டுல பேர், முதல் ஆர்டர் தேதி, ரெண்டாவது தேதி, மூணாவது தேதின்னு 4 கட்டம் போடுங்க. 3 மாசம் கழிச்சு, முதல் மாசம் வந்த 20 பேர்ல எத்தனை பேருக்கு ரெண்டாவது கட்டம் நிரம்பியிருக்குன்னு பாருங்க. நிரம்பாதவங்கள்ல 5 பேருக்குப் போன் பண்ணி, "பொடி எப்படி இருந்துச்சுங்க? உப்பு, காரம் சரியா இருந்துச்சா?"ன்னு கேளுங்க. விக்கப் பார்க்காதீங்க, கேக்க மட்டும் செய்யுங்க. பெரிய கம்பெனிக்காரன் செய்ய முடியாத வேலை இது. உங்களால முடியும்.

*எப்ப நிறுத்தலாம்?*

ஒரு முழு வருஷம் பார்க்கணும். ஏன்னா நம்ம பண்டங்களுக்குப் பருவம் இருக்கு. மாவடு மாசி பங்குனியில வரும். வடாம் சித்திரை வெயில்ல போட்டு மழைக்காலத்துல விக்கும். தீபாவளி மாசத்தை வெச்சு வருஷத்தை எடை போட்டாலும் தப்பு, ஆடி மாசத்தை வெச்சுப் போட்டாலும் தப்பு. ஆனா ஒதுக்கின பணம் முதல்லயே தீர்ந்துட்டாலோ, உடம்பு ஒத்துழைக்கலைன்னாலோ, வருஷத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நிறுத்தினா 30,000-ஓட போச்சு, சேமிப்பு அப்படியே இருக்கு. அதுக்குத்தான் முதல்லயே எண்ணை எழுதி வெச்சது.

*ஆர்டர் நிறைய வந்துட்டா?*

சந்தோஷமான சிக்கல். ஆனா சிக்கல்தான். தீபாவளிக்கு 60 ஆர்டர் வாங்கி, ராத்திரி 2 மணி வரைக்கும் வறுத்து, ஒரு ஈடு கருகினதையும் சேர்த்து அனுப்பினா, வருஷம் முழுக்கச் சேர்த்த பேர் ஒரே வாரத்துல போயிடும். வாரத்துக்கு இத்தனைதான்னு ஒரு எண் வெச்சுக்குங்க. அதுக்கு மேல வந்தா, "அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பறேங்க, பரவாயில்லையா?"ன்னு கேளுங்க. பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. வீட்டுப் பொடிக்குக் காத்திருக்கத் தயாரா இருக்கிறவங்கதான் உங்க வாடிக்கையாளர்.

இன்னிக்கு இவ்வளவுதான். இதைக் கேட்டுட்டு நாளைக்கே எதையும் வாங்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்து, உங்க பண்டத்துக்கு ஒரு ஆர்டர்ல எவ்வளவு மிஞ்சும், அது ஒரு வீட்டுல தீர எத்தனை நாள் ஆகும், இந்த ரெண்டையும் மட்டும் எழுதிப் பாருங்க. எவ்வளவு நாள் பொறுமையா இருக்கணும்ங்கிறதை அந்த ரெண்டு எண்ணே சொல்லிடும். எழுதினதை எங்களுக்குக் குரல் பதிவா அனுப்புங்க, வேற ஒரு எபிசோட்ல சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.